ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 2 புரோஸ்டேட்’ என்று வந்திருக்கிறது: அப்பாவுக்கு அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமா?

வடகடல்மகன் (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டுப்படகில் வடகடலுக்குத் தொழிலுக்குப் போய் வருபவர். மாலையில் போய் வலை விட்டு, விடியற்காலையில் வாங்கிக்கொண்டு கரை சேருவார். ஐந்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை எடுக்கிறார். வேறு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடந்த ஓராண்டாக, வீட்டில் இருக்கும் நாட்களில் இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார். போனாலும் உடனே நீர் பிரிவதில்லை. சுவரில் கை ஊன்றிக் காத்து நிற்கிறார். தாரை மெலிந்து, விட்டுவிட்டு வருகிறது என்றும், முடித்துவிட்டு வந்து படுத்தால் இன்னும் மிச்சம் இருப்பது போலவே தோன்றுகிறது என்றும் மிகவும் வற்புறுத்திக் கேட்ட பிறகே சொன்னார். உண்மையில் அவராகச் சொல்லி எங்களுக்குத் தெரியவரவில்லை. கூடவே படகில் போகும் சித்தப்பாதான், “உங்க அப்பா கடல்ல தண்ணியே குடிக்கிறதில்ல, கேன் கொண்டுபோன மாதிரியே திரும்பி வருது” என்று சொன்னார். இருட்டில் ஆடும் படகில் அடிக்கடி எழுந்து விளிம்பில் நிற்க அஞ்சியே தண்ணீரைக் குறைத்திருக்கிறார்.

இராமநாதபுரத்தில் ஒரு நிலையத்தில் ஸ்கேன் எடுத்தோம். புரோஸ்டேட் 52 கிராம், ‘கிரேடு 2’ என்றும், சிறுநீர் கழித்த பிறகு பையில் 140 மில்லி தங்கியிருக்கிறது என்றும் அறிக்கையில் உள்ளது. புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்துக்கு வரும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. சோதனை 3.1. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ‘கிரேடு 2’ என்பதைக் கேட்டதும், புற்றுநோய் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அம்மா அழத் தொடங்கிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், பணம் அனுப்புகிறேன், உடனே மதுரைக்குக் கூட்டிப்போய் அறுவை செய்துவிடு என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் நெருஞ்சில் கஷாயம் போதும் என்கிறார். அப்பாவோ, வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று சொல்லிவிட்டு வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கிறார். இது எந்த அளவுக்கு ஆபத்தானது, மருந்தால் தீருமா, எப்போது அறுவை தேவைப்படும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உச்சிப்புளி சிஸ்டர்

தம்பி, முதலில் அம்மாவின் கண்ணீரைத் துடைத்துவிடுங்கள். ஸ்கேன் அறிக்கையில் வரும் ‘கிரேடு’ என்பது சுரப்பி எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவுக்குறிப்பு மட்டுமே. புற்றுநோய்க்குச் சொல்லும் ‘கட்டம்’ என்பதோடு அதற்கு எந்த உறவும் இல்லை. மதுரையில் சிறுநீரகவியல் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தபோது, இந்த ஒரு சொல்லுக்காகவே முகம் வெளுத்து வந்த குடும்பங்களை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதே இதை ஒரு வரி விளக்கிச் சொன்னால் எத்தனை பேருடைய தூக்கம் மிஞ்சும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

நாம் இதைப் ‘புரோஸ்டேட் வீக்கம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீக்கம் என்றால் அடிபட்டோ சீழ் வைத்தோ வருவது போலத் தோன்றும். இது அப்படியன்று, வயது ஏற ஏறச் சுரப்பியின் உட்பகுதியில் சதை மெல்ல வளர்வது. கல்லடைப்பு, சதையடைப்பு என்று நம் பெரியவர்கள் பிரித்துச் சொன்ன பெயர்களில் இரண்டாவதுதான் இதற்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சுரப்பிக்குள் டி.ஹெச்.டி. என்னும் வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறி, பல ஆண்டுகள் அந்தச் சதையைத் தூண்டிக்கொண்டே இருப்பது இதற்கு முக்கியக் காரணம். நுண்ணோக்கியில் பார்த்தால் அறுபது வயதில் ஏறத்தாழப் பாதி ஆண்களுக்கும், 85 வயதில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வளர்ச்சி தெரியும். ஆனால் அத்தனை பேருக்கும் தொந்தரவு வருவதில்லை. ஆகவே அப்பா சொன்னதில் பாதி சரி.

மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள உங்கள் வீட்டு வலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கயிற்றில் மிதவைகளைக் கோத்திருப்பீர்கள். மிதவையின் நடுத்துளை வழியே கயிறு ஓடும். சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, புரோஸ்டேட் அப்படித்தான் கோத்ததுபோல் அமர்ந்திருக்கிறது. இளவயதில் அதன் எடை சுமார் 20 கிராம். மிதவை வெளிப்பக்கமாகப் பருத்தால் கயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. உட்பக்கமாகப் பருத்தால் சிறிதளவு வளர்ச்சியே துளையை நெருக்கிவிடும். அதனால்தான் 90 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு, 30 கிராமுக்கே அடைத்துக்கொண்டு வருபவரும் உண்டு. 52 என்ற எண்ணை மட்டும் பார்த்து அறுவைக்குப் போவது சரியன்று.

நான் பார்க்கச் சொல்வது இன்னொரு எண்ணை: தங்கியிருக்கும் 140 மில்லி. துளை நெருங்கும்போது சிறுநீர்ப்பையின் தசை முதலில் கூடுதலாக அழுத்தித் தள்ளப் பார்க்கும். அந்த முயற்சியில் அது தடித்து, எரிச்சல் கண்டு, கொஞ்சம் நிறைந்ததுமே ‘போ, போ’ என்று விரட்டும். அடிக்கடி போவதும், அடக்க முடியாமல் ஓடுவதும் அதனால் வருபவை. ஆண்டுக்கணக்கில் இப்படி உழைத்துச் சலித்துவிட்டால் பை தளர்ந்து, ஒவ்வொரு முறையும் மிச்சம் வைக்கத் தொடங்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும், கல் படியும்; அதற்கும் மேலே போனால் சிறுநீரகத்துக்கே பின்னழுத்தம் ஏறும். கிரியேட்டினின் 1.1 என்பதால் அந்த இடத்துக்கு அப்பா போய்விட்டதாகத் தோன்றவில்லை.

ஆனால் அந்த 140-ஐயும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, முட்டும்வரை அடக்கி உட்காரவைத்து, பிறகு வரிசையில் ஆட்கள் நிற்கும் கழிவறைக்கு அனுப்பி, ‘சீக்கிரம் போய்விட்டு வாருங்கள்’ என்றிருப்பார்கள். அளவுக்கு மீறி நிறைந்த பை முழுதாகக் காலியாகாது. நல்ல பைக்கும் அது பொருந்தும். வழக்கமான அளவுக்கு நிறைந்திருக்கும்போது, அவசரமில்லாமல் கழிக்கவைத்து, இன்னொரு நாள் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதோடு யூரோஃப்ளோ என்னும் சோதனையும் செய்யலாம். ஒரு கருவியில் சிறுநீர் கழித்தால் தாரையின் வேகத்தைக் காட்டும். குறைந்தது 150 மில்லியாவது கழித்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது, 10-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார். விடைகளைக் கூட்டினால் 0 முதல் 35 வரை மதிப்பெண் வரும். 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. தாளின் கடைசியில் எட்டாவதாக, ‘வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்’ என்னும் பொருளில் ஒரு கேள்வி இருக்கும். அதற்கு மதிப்பெண்ணில் இடமில்லை என்றாலும், சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதுதான் பல நேரங்களில் முன்னுக்கு நிற்கிறது. அப்பாவையே பதில் சொல்லவிடுங்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

இரவில் எழுவது முழுவதற்கும் புரோஸ்டேட் மீதே பழி போடவும் வேண்டாம். மூன்று நாட்களுக்கு, கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து, எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தார் என்று அளந்து எழுதிவையுங்கள். ஒரு நாளின் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவுத் தூக்க நேரத்திலேயே வருமானால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். பகலில் கால்களில் இறங்கிய நீர், படுத்ததும் இரத்தத்தில் ஏறிச் சிறுநீராகப் பிரிவது அவற்றுள் ஒன்று. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும். அவருடைய கணுக்காலை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பாருங்கள்.

பி.எஸ்.ஏ. 3.1 என்பது இந்த வயதுக்கும் இந்தச் சுரப்பி அளவுக்கும் அச்சம் தரும் எண்ணன்று. வழக்கமாக 4 என்பதை எல்லையாகச் சொல்வார்கள், ஆனால் சுரப்பி பெரிதானாலோ, தொற்று வந்தாலோ, சிறுநீர் எடுக்கப் பைக்குள் டியூப் போட்டாலோ அது தானாகவே ஏறும். சதை வளர்ச்சி புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே சுரப்பியில் தனித்தனியே வரக்கூடும் என்பதால்தான் மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பார். அரை நிமிட வேலை. கூச்சப்பட்டு மறுக்காமல் இருக்க அப்பாவை முன்கூட்டியே தயார்செய்து கூட்டிப்போங்கள்.

கீழக்கரை வாத்தியார்

சிஸ்டர் சொன்னவற்றோடு, இதை அனுபவித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். எனக்கு இப்போது 74 வயது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையில் சளி பிடித்து, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை இரண்டு நாள் விழுங்கினேன். மூன்றாம் நாள் ஒரு திருமணத்துக்காக மதுரைக்குப் பேருந்து ஏறினேன். பேருந்தில் ஏறினால் நடுவில் இறங்க முடியாதே என்று தண்ணீர் குடிக்காமலும், வந்ததை அடக்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். பரமக்குடியில் இறங்கி ஒதுங்கினால் ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. அந்த வலியை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடுச்சாலையில் கூச்சத்தை விட்டு அழுதேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் டியூப் போட்டு 900 மில்லி எடுத்தார்கள். டியூப் இறங்கிய ஒரு நிமிடத்தில் உயிர் திரும்பியது.

பிறகுதான் காரணம் சொன்னார்கள். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகளில் உள்ள ஃபீனைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை புரோஸ்டேட்டையும் பையின் வாயையும் இறுக்கும். தும்மலுக்குத் தரும் குளோர்ஃபெனிரமின் போன்றவை பைத் தசையின் வேகத்தைக் குறைக்கும். ஒரே மாத்திரையில் இரண்டும் கலந்திருப்பது நம் கடைகளில் சாதாரணம். முன்பே நெருங்கியிருந்த பாதைக்கு அந்த இரண்டு நாள் மாத்திரையும் அடக்கிய மூன்று மணி நேரமும் போதுமானதாக இருந்தன. உங்கள் அப்பா கடலில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், தம்பி. சளி மாத்திரை விஷயத்தைச் சித்தப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

டியூபோடு ஒரு வாரம் இருந்தேன். பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையைத் தொடங்கிவிட்டு, மூன்றாம் நாள் டியூபை எடுத்துப் பார்த்தார்கள், நீர் பிரியவில்லை. ஏழாம் நாள் எடுத்தபோது பிரிந்தது. அந்த மாத்திரையிலேயே இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். அதன்பின் பையில் கல் இருப்பது தெரிந்ததால் டி.யு.ஆர்.பி. செய்துகொண்டேன். வயிற்றில் கத்தி படவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே குழாயை விட்டு, அடைத்திருக்கும் உட்சதையை மட்டும் சீவி எடுக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி. நான்கு நாளில் வீடு திரும்பினேன். சில வாரம் எரிச்சலும், நடுவில் ஒருநாள் சிறுநீரில் இரத்தமும் இருந்தன. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

வெளிப்படையாகச் சொல்ல யாரும் முன்வராத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த அறுவைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆண்மை போய்விட்டதாகவும் பொருளில்லை. ஆனால் தெரியாமல் இருந்தால் மனம் உடைந்துபோகும். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் ஓராண்டு மனைவியிடம்கூடப் பேசாமல் புழுங்கினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் அப்பாவுக்கு மருத்துவர் இதைத் தனியே சொல்ல வேண்டும், நீங்கள் அறையைவிட்டு வெளியே இருங்கள்.

இன்னொன்று: வெளிச்சதை அங்கேயே இருப்பதால், அறுவை செய்துகொண்டவருக்கும் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். நான் இன்றும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பி.எஸ்.ஏ. பார்த்துவருகிறேன்.

தொண்டிக்காரி

என் அத்தாவுக்கு வலி, எரிச்சல் என்று எதுவுமே இருந்ததில்லை. இரவில் படுக்கை நனைந்தது. வயதாகிவிட்டது, அடக்க முடியவில்லை போலும் என்று நினைத்து ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டோம். கால் வீங்கி, சோறு இறங்காமல் போனபிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் கிரியேட்டினின் 4.6. பை தொப்புள்வரை நிறைந்து, தாங்க முடியாத மிச்சம்தான் இரவில் தானாக வழிந்திருக்கிறது. டியூப் போட்டுப் பல வாரங்கள் கழித்து 1.9-க்கு இறங்கியது, அதற்குக் கீழே வரவில்லை. வலி இல்லாததால் நோயும் இல்லை என்று இருந்துவிட்டோம். வயதான ஆண் ஒருவர் படுக்கையை நனைத்தால், விரிப்பு வாங்குவதற்கு முன் அடிவயிற்றை ஸ்கேன் செய்து பாருங்கள். இதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

தேவிபட்டினம் மருந்தாளுநர்

மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இரண்டின் வேலையும் வேறு. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் ஆகியவை சுரப்பியிலும் பையின் வாயிலும் உள்ள தசையைத் தளர்த்துபவை. சில நாட்களிலேயே பலன் தெரியும், ஆனால் சுரப்பியின் அளவை ஒரு கிராம்கூடக் குறைக்காது. ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு ஆகியவை டி.ஹெச்.டி. உருவாவதைத் தடுத்துச் சதையையே சுருக்குபவை. கால்பங்கு அளவுக்குச் சுருங்கலாம், ஆனால் முழுப்பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு, ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்துபவர்களை நான் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். பெரிய சுரப்பிக்கு இரண்டையும் சேர்த்துத் தருவதுண்டு. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்தபோது, சேர்த்து உண்டவர்களுக்கு நோய் முற்றும் அபாயம், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட 66 சதவீதம் குறைவாக இருந்தது.

தளர்த்தும் மாத்திரை சிலருக்கு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தரும். அழுத்த மாத்திரையும் எடுப்பவர் என்பதால், முதல் சில நாட்கள் அப்பா கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. படகின் விளிம்பில் நிற்கும்போது வரும் ஒரு நொடித் தலைசுற்றல், வீட்டில் வருவதைப் போன்றதன்று. டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளையில், சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து எடுக்கட்டும். கண்புரை அறுவை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், இந்த மாத்திரை எடுப்பதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இது கருவிழிப் படலத்தைத் தொய்யவைத்து அறுவையைச் சிக்கலாக்கும். இலவசக் கண் முகாம்களில் இதை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். சுருக்கும் மாத்திரையைப் பற்றியும் இரண்டு செய்திகள் உண்டு. அது பி.எஸ்.ஏ.-வை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும், ஆகவே பின்னாளில் 2 என்று வந்தால் அதை 4 ஆகவே எண்ண வேண்டும். உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் கையால் தொடக் கூடாது.

நெருஞ்சில் பற்றி: நீர் பிரிய உதவும் என்று நம் பக்கத்தில் தலைமுறைகளாகக் குடித்துவருகிறார்கள். ஆனால் அடைத்திருக்கும் பாதைக்கு மேலே நீரைப் பெருக்குவதால் பாதை திறந்துவிடாது. அதை நம்பி ஸ்கேனையும் மாத்திரையையும் ஒத்திப்போட வேண்டாம் என்பதே என் கருத்து. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், ‘சா பால்மெட்டோ’ என்ற குப்பியை வாங்கி அனுப்பவும் கூடும்; அமெரிக்கக் குட்டைப்பனை ஒன்றின் பழச்சாறு அது. 2006-இல் 225 ஆண்களிடம் ஓராண்டு சோதித்துப் பார்த்ததில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. பனைதான் வேண்டுமென்றால் நம் ஊர்ப் பதநீரே மேல். அதையும் படுக்கப்போகும் நேரத்தில் குடிக்காதிருந்தால் சரி.

வடகடல்மகன் (தங்கச்சிமடம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் சொன்னபடி மூன்று நாள் கணக்கு எழுதினோம். அளப்பதற்குச் சமையலறைக் குவளையை அம்மா தர மறுத்துவிட்டதால், மில்லி குறித்த பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டோம். அப்பா நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் நேரமும் அளவும் எழுதினார். மூன்று நாள் சராசரியில் ஒரு நாளைக்கு 1,350 மில்லி, அதில் 640 இரவில். கணுக்காலில் அழுத்தினால் குழி விழுந்தது.

தாளைச் சிறுநீரகவியல் மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் அதைத்தான் முதலில் படித்தார், ஸ்கேன் அறிக்கையைப் பிறகுதான் பிரித்தார். பையை அளவாக நிறையவிட்டு மறுபடி அளந்ததில் மிச்சம் 55 மில்லி. தாரையின் உச்ச வேகம் நொடிக்கு 11. விரலால் பார்த்ததில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஏழு கேள்விகளில் அப்பாவின் மதிப்பெண் 16. இப்போதைக்கு அறுவை தேவையில்லை என்று சொல்லி டாம்சுலோசின் மட்டும் எழுதினார். தொடர்ந்து அடைத்துக்கொண்டால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால், கல்லோ இரத்தமோ தெரிந்தால், சிறுநீரகம் பாதித்தால், அல்லது மாத்திரை கைகொடுக்காவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்றார். அம்லோடிபினை மாற்றலாமா என்று இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரைக் கேட்கச் சொன்னார். அவர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்.

இரவில் எழுவது இரண்டு முறையாகக் குறைந்திருக்கிறது. தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகு, நேற்று முன்தினம் மீண்டும் கடலுக்குப் போனார். எட்டாவது கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விடியற்காலையில் படகு வந்ததும் சித்தப்பா தண்ணீர்க் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.